கிண்டியிலிருந்து ஆனந்த் வரை

கல்லூரியில் பயின்ற காலத்தை நினைத்துப் பேசுவதில் படித்தவர்களுக்குத் தனியானதோர் இன்பம் உண்டு. விடுதிச் சாப்பாடும், ஆசிரியர்களின் கண்டிப்பும், விளையாட்டுப் போட்டிகளும், பரீட்சைக்கு முந்திய நாட்களில் விளக்கெரிய விழித்திருந்த இரவுகளும் எத்தனை முறை சொல்லினும் அவர்களுக்குச் சலிப்பதில்லை. ஆயினும், அப்பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் கேள்வி ஒன்று உண்டு. அங்கே கற்ற கல்வி பிற்காலத்தில் யாருக்குப் பயன்பட்டது என்பதே அக்கேள்வி.

தறிக்குழியில் அமர்ந்தும் கழனியில் இறங்கியும் பாடுபட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் நம் அங்கத்தினர்களுக்கு இது பொழுதுபோக்காகக் கேட்கும் கேள்வியன்று. பிள்ளை பட்டம் பெற்றுவிட்டான் என்ற மகிழ்ச்சியோடு, இனி அவன் ஊருக்குத் திரும்பமாட்டான் என்ற ஏக்கமும் சேர்ந்தே வீட்டினுள் நுழைகிறது. பெண்மக்களைப் படிக்கவைத்த வீடுகளிலும் நிலைமை இதுவே. சங்கங்களோ, கணக்கைச் சீராக வைக்கவும், சாயத்தின் தன்மை அறிந்து கலக்கவும், வெளியூர்ச் சந்தையை அறிந்து சரக்கு விற்கவும் படித்தவர்களைத் தேடி நிற்கின்றன. ஊரார் உழைப்பால் படித்தவர் ஒருபுறமும், படித்தவர் துணையின்றி ஊரார் தொழில் மற்றொருபுறமும் நிற்கும் இந்நிலை மாற வழி உண்டா?

இதற்கு விடை தேடுவோர் டாக்டர் வர்கீஸ் குரியன் அவர்களின் கல்லூரி நாட்களையும், அவற்றைத் தொடர்ந்த வாழ்க்கையையும் சற்று நிதானமாக நோக்குவது நலம். பால் உற்பத்தியாளர் சங்கங்களில் உள்ளோர் அவர் பெயரை நன்கு அறிவர். நெசவாளரும் விவசாயிகளும், "அவர் பால் தொழிலுக்கு வழிகாட்டியவர், நமக்கு என்ன?" என்று எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணிவிடலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம். குரியன் அவர்கள் தம் நினைவுகளை 2005-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். பெருமைக்குரிய செய்திகளோடு, தம் விருப்பத்துக்கு மாறாக நடந்தவற்றையும் அதில் அவர் மறையாது கூறியிருப்பது நமக்கு மிகவும் பயன்படுவதாகும்.

கோபியும் சென்னையும்

குரியன் 1921-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி கோழிக்கோட்டில் பிறந்தார். தந்தையார் அன்றைய சென்னை மாகாண சர்க்காரில் சிவில் சர்ஜனாகப் பணிபுரிந்தவர். சர்க்கார் உத்தியோகத்தில் மாற்றல் சகஜமாதலால், பிள்ளையின் படிப்பும் தந்தை போன ஊருக்குப் போயிற்று. அக்காலத்தில் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கோபிசெட்டிபாளையத்தின் வைரவிழா உயர்நிலைப்பள்ளியில் அவர் பயின்றார் என்பதைக் கொங்கு நாட்டாரிலேயே பலர் அறியார்.

பதினான்காம் வயதில் அவர் சென்னை லயோலா கல்லூரியில் சேர்ந்தார். ஏசு சபைப் பாதிரிமார் 1925-இல் தொடங்கிய அக்கல்லூரி அப்போது பத்தாண்டுப் பருவத்தில் இருந்தது. அங்கே பௌதிகம் பயின்று 1940-இல் பட்டம் பெற்றார். பிறகு கிண்டி எஞ்சினியரிங் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்று 1943-இல் அதிலும் தேறினார். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, பாலமும் அணையும் சாலையும் அமைக்கும் எஞ்சினீயர்களைத் தலைமுறை தலைமுறையாக நாட்டுக்குத் தந்த கல்லூரி அது. குரியன் பயின்ற ஆண்டுகள் இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகள். இயந்திரம் அறிந்த வாலிபர்களுக்கு எங்கும் கிராக்கி இருந்தது.

படிப்போடு விளையாட்டிலும் அவர் முன் நின்றார். கிரிக்கெட், டென்னிஸ், பேட்மிண்டன், குத்துச்சண்டை ஆகியவற்றில் கல்லூரியின் சார்பில் ஆடியவர். ஆனால், இத்தனையிலும் பாலைப் பற்றியோ, உழவரைப் பற்றியோ, கூட்டுறவைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். அந்த வாலிபரின் எண்ணமெல்லாம் இயந்திரங்களிலும் உலோகங்களிலுமே இருந்தது. பிற்காலத்தில் ஒருவர் செய்யும் தொண்டு அவருடைய கல்லூரி நாட்களிலேயே நெற்றியில் எழுதியிருக்கும் என்று நம்புவோர்க்கு இவ்வரலாறு இடம் தரவில்லை.

விரும்பாத படிப்பு

தந்தையார் காலமான பின், குடும்பத்தாரின் விருப்பப்படி குரியன் ஜாம்ஷெட்பூரிலுள்ள டாட்டா இரும்பு ஆலையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவருடைய தாய்வழி உறவினரான டாக்டர் ஜான் மத்தாய் டாட்டா நிறுவனத்தில் டைரக்டராக இருந்தவர். பின்னர் சுதந்திர இந்தியாவின் நிதி மந்திரியாகவும் விளங்கியவர். அந்த உறவு வெளியே தெரிந்ததும் உடன் பணியாற்றியவர்கள் தம்மிடம் பழகும் முறையே மாறிவிட்டதைக் குரியன் கண்டார். டைரக்டரின் உறவினர் என்ற நிழலில் உயர்வதைவிட, தம் கையால் முயன்று நிற்பதே மேல் என்று கருதி, வெளிநாட்டுப் படிப்புக்கு சர்க்கார் அளித்த உபகாரச் சம்பளத்துக்கு மனுச் செய்தார். உறவினர் விரும்பாதிருந்தும் அவர் பின்வாங்கவில்லை.

அவர் விரும்பியது உலோகவியல். கிடைத்ததோ பால்பண்ணைப் பொறியியல். தேர்வுக் குழுவினர், பாலைப் பதப்படுத்தும் 'பாஸ்டரைசேஷன்' என்பது யாது என்று வினவ, தமக்குத் தெரிந்த அளவில் ஏதோ விடை கூறியதாகவும், அவ்வளவில் தேர்ந்தெடுக்கப்பட்டதாகவும் அவரே தம் நூலில் எழுதுகிறார். பெங்களூரில் சில காலம் பயிற்சி பெற்றபின், அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கும் இயந்திரப் பொறியியலையும் உலோகவியலையுமே முதன்மையாகப் படித்தார். பாலைப் பற்றிய பாடங்களைச் சர்க்காரின் நிபந்தனைக்காகவே சேர்த்துக்கொண்டார். 1948-இல் மேற்பட்டத்துடன் தாயகம் திரும்பினார்.

உபகாரச் சம்பளத்துக்கு ஈடாக, திரும்பிவந்து சர்க்கார் காட்டும் இடத்தில் குறிப்பிட்ட காலம் பணிபுரிவதாகப் பிணைப் பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தார். சர்க்கார் காட்டிய இடம் குஜராத்தில் கேடா ஜில்லாவின் ஆனந்த் என்னும் சிற்றூர். அங்கிருந்த சர்க்கார் ஆராய்ச்சிப் பால்பண்ணைக்கு 1949-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி வந்து சேர்ந்தார். மணமாகாதவர், மாமிசம் உண்பவர், கிறிஸ்தவர் என்ற காரணங்களால் அவருக்கு வீடு தர யாரும் முன்வரவில்லை. மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகை ஒன்றைச் செப்பனிட்டு அதிலே குடியிருந்தார். பண்ணையில் செய்வதற்கும் போதிய வேலை இல்லை. தம்மை விடுவிக்குமாறு மேலிடத்துக்கு மாதந்தோறும் கடிதம் எழுதிவந்தார்.

சர்க்கார் பணம் என்பது இறுதியில் உழவனும் நெசவாளனும் கடைக்காரனும் கொடுத்த வரிப்பணமே. அப்பணத்தில் படித்தவர் அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்பது நியாயம். ஆயினும் பத்திரம் ஒருவரை ஓர் ஊரில் இருத்திவைக்குமேயன்றி, மனமுவந்து உழைக்கவைக்காது. குரியன் ஆனந்தில் இருந்த முதற் சில மாதங்கள் இதற்குச் சான்று. அவ்விளைஞரை அவ்வூரிலேயே தம் ஆயுள் முழுவதும் தங்கச் செய்தது யாது என்பதே நாம் அறிய வேண்டியது.

கேடா ஜில்லா உழவர்கள்

அதை அறியச் சற்றுப் பின்னோக்க வேண்டும். 1945-இல் பம்பாய் சர்க்கார் நகரத்துக்குப் பால் வழங்கும் திட்டம் ஒன்றை வகுத்தது. கேடா ஜில்லாவில் பாலை வாங்கிப் பதப்படுத்தி அனுப்பும் உரிமை போல்சன் என்னும் தனியார் கம்பெனிக்குக் கிடைத்தது. பம்பாயில் என்ன விலை விற்றாலும், உழவரிடம் கொடுக்கும் விலையை இடையிலிருந்தவர்களே நிர்ணயித்தனர். நூல் ஒருவரிடம் வாங்கி அவருக்கே துணி கொடுக்க வேண்டியிருந்த நெசவாளர்களுக்கும், மண்டிக்காரரிடம் முன்பணம் பெற்று அவருக்கே விளைச்சலை அளக்க வேண்டியிருந்த விவசாயிகளுக்கும் இந்நிலைமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாலுக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. துணியைப் பெட்டியில் மடித்து வைக்கலாம்; மஞ்சளைக் குழியிலிட்டுக் காக்கலாம். காலையில் கறந்த பால் மாலைவரை காத்திராது. ஆகவே பால்காரர் பேரம் பேசும் வலிமை அற்றவராயிருந்தார்.

உழவர்கள் சர்தார் வல்லபாய் பட்டேலிடம் முறையிட்டனர். கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே பாலைப் பதப்படுத்தி விற்க வேண்டும் என்றும், அதற்குச் சர்க்கார் இணங்காவிடில் பாலையே கொடுக்காமல் நிறுத்தத் துணிய வேண்டும் என்றும் அவர் ஆலோசனை கூறினார். மொரார்ஜி தேசாய் முன்னிலையில் 1946 ஜனவரியில் சமர்க்கா கிராமத்தில் கூட்டம் நடந்தது. பதினைந்து நாட்கள் உழவர்கள் பாலை விற்க மறுத்தனர். சர்க்கார் இணங்கியது. கேடா ஜில்லா கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் யூனியன் அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் தேதி பதிவாயிற்று. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவரான திரிபுவன்தாஸ் பட்டேல் அதன் தலைவரானார். இரண்டு கிராமச் சங்கங்களும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 லிட்டர் பாலுமே தொடக்கக் கால மூலதனம்.

யூனியனிடம் உறுதி இருந்தது. நல்ல இயந்திரம் இல்லை. சர்க்கார் பண்ணையின் பழைய கருவிகளைக் கொண்டே பாலைப் பதப்படுத்தினர். அவை அடிக்கடி பழுதாயின. பக்கத்திலேயே வேலையின்றி இருந்த கிண்டிப் பட்டதாரியிடம் திரிபுவன்தாஸ் உதவி கேட்டார். குரியன் பழுது பார்த்துக் கொடுத்தார். மீண்டும் பழுதாயிற்று, மீண்டும் பார்த்தார். இறுதியில், பழையதை ஒட்டுப்போடுவதில் பயனில்லை, புதிய இயந்திரம் வாங்குவதே சரி என்று யோசனை கூறினார். திரிபுவன்தாஸ் தம் உறவினரிடம் கடன் பெற்று வந்து இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்தார்.

இந்நிகழ்ச்சியே அவர் வாழ்க்கையைத் திருப்பிற்று என்று கொள்ளலாம். தம் சொல்லை நம்பி, தமக்கென ஒரு காசும் தேடாத பெரியவர் ஒருவர் கடன் சுமக்கத் துணிந்ததை அவ்வாலிபர் கண்டார். 1949-ஆம் ஆண்டின் இறுதியில் சர்க்கார் அவரை விடுவித்தது. பம்பாய்க்குப் புறப்பட மூட்டை கட்டியவரை, புதிய இயந்திரத்தைப் பொருத்தும்வரையேனும் இருக்குமாறு திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டார். சில மாதங்கள் என்று தங்கியவர் 1950-இல் யூனியனின் மானேஜரானார். பிறகு அவ்வூரைவிட்டுப் போகவேயில்லை.

கற்றது பயன்பட்ட விதம்

எருமைகள் குளிர்காலத்தில் மிகுதியாகவும் கோடையில் குறைவாகவும் பால் சுரப்பவை. பம்பாயின் தேவையோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவினது. ஆகவே குளிர்காலத்தில் மிகும் பாலை வாங்குவாரின்றி உழவர் தவித்தனர். அம்மிகுதியைப் பொடியாக்கி வைத்துக்கொண்டால் கோடையில் பயன்படும். ஆனால் எருமைப் பாலில் கொழுப்பு மிகுதியாதலால் அதைப் பொடியாக்க இயலாது என்பது மேல்நாட்டு நிபுணர்களின் கருத்தாக இருந்தது. அவர்கள் நாட்டில் பசுவின் பாலே வழக்கம். எருமைப் பாலைப் பற்றி ஆராய்ந்து பார்க்க அவர்களுக்குத் தேவையும் ஏற்பட்டதில்லை.

மிச்சிகனில் குரியனோடு பயின்ற நண்பர் ஹரிசந்த் மேகா தலாயா, பால் தொழிலில் தேர்ந்தவர். குரியனின் அழைப்பின்பேரில் அவரும் ஆனந்துக்கு வந்து தங்கிவிட்டார். வண்ணம் தெளிக்கும் கருவியையும் காற்றைச் சூடாக்கும் கருவியையும் இணைத்து எருமைப் பாலைப் பொடியாக்கிக் காட்டியவர் அவரே என்பர். ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியின் உதவியோடு பெரிய தொழிற்சாலை எழுந்தது. அதற்கு 1954 நவம்பரில் ராஷ்டிரபதி ராஜேந்திர பிரசாத் அஸ்திவாரக் கல் நாட்டினார். 1955 அக்டோபர் 31-இல் பிரதம மந்திரி நேரு அதனைத் திறந்துவைத்தார். அது சர்தார் பட்டேல் பிறந்த நாள். 'அமுல்' என்ற பெயரும் அக்காலத்திலேயே வழக்கத்துக்கு வந்தது.

கல்லூரி நட்பின் பயனை இங்கே காண்கிறோம். ஒருவருக்கு இயந்திரம் தெரியும். மற்றவருக்குப் பாலின் இயல்பு தெரியும். மூன்றாமவரான திரிபுவன்தாஸுக்கு மக்களைத் தெரியும். மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தன. சங்கம் வளரப் படித்தவர் ஒருவர் போதும் என்று நினைப்பது தவறு. நெசவாளர் சங்கமாயின் சாயமறிந்தவர், நெசவின் நுட்பமறிந்தவர், விற்பனை அறிந்தவர், அங்கத்தினரின் மனமறிந்த தலைவர் என்று பலர் சேர்ந்தே தேரை நகர்த்த வேண்டும்.

எஜமானர் யார்?

ஆனந்தின் வெற்றிக்கு இயந்திரத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அது நிர்வாக முறை. கிராமத்துச் சங்கத்தில் பால் ஊற்றுவோரே அங்கத்தினர். அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களே கிராமச் சங்கத்தை நடத்துவர். கிராமச் சங்கங்களின் தலைவர்கள் கூடி ஜில்லா யூனியனின் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பர். யூனியன் பாலைப் பதப்படுத்தும். யூனியன்கள் சேர்ந்த மாநிலச் சம்மேளனம் சரக்கை விற்கும். குஜராத்தில் அச்சம்மேளனம் 1973-இல் தோன்றிற்று.

காலையிலும் மாலையிலும் பால் கொணர்வோர் வரிசையில் நிற்பர். சாதியோ செல்வமோ வரிசையை மாற்றுவதில்லை. பாலின் அளவும் கொழுப்பும் அவர்கள் கண்முன் சோதிக்கப்படும். அதற்கேற்ற தொகை கைக்கு வரும். அங்கத்தினருக்குச் சங்கத்தின்மீது நம்பிக்கை பிறப்பது ஆண்டறிக்கையைப் படித்தன்று. தம் பால் தம் கண்முன் சரியாக அளக்கப்படுவதைத் தினம் இருமுறை பார்ப்பதனாலேயே.

இம்முறையில் குரியனின் இடம் யாது? அவர் யூனியனின் சம்பளக்காரர். உழவர்களிடம் வேலை பார்ப்பவன் தாம் என்று சொல்லிக்கொள்வதில் அவர் பெருமை கொண்டார். விலையும் கொள்கையும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் பொறுப்பு; தொழிற்சாலையும் விற்பனையும் மானேஜரின் பொறுப்பு. நியமனம், இயந்திரம் வாங்குதல் போன்றவற்றில் குழுவினர் தலையிடாதவாறு திரிபுவன்தாஸ் காத்தார். மானேஜர் உழவரின் நலனைவிட்டு விலகாதவாறும் அவரே பார்த்துக்கொண்டார். இருவரும் தத்தம் எல்லையை மதித்ததால் வேலை நடந்தது.

1964 அக்டோபரில் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி கேடா ஜில்லாவுக்கு வந்து, ஒரு கிராமத்தில் உழவர் வீட்டில் இரவு தங்கி, அங்குள்ளோரிடம் பேசினார். மண்ணும் மழையும் எருமையும் நாட்டின் பிற பகுதிகளைவிடச் சிறந்தவையல்ல என்பதையும், பால் பண்ணையை உழவரே உடைமையாகக் கொண்டிருப்பதே வேற்றுமை என்பதையும் கண்டார். அம்முறையை நாடெங்கும் பரப்ப 1965-இல் தேசியப் பால்பண்ணை அபிவிருத்தி வாரியம் அமைந்தது. குரியன் அதன் தலைவரானார். வாரியத்தின் தலைமையிடம் டில்லியில் அன்றி ஆனந்திலேயே இருக்க வேண்டும் என்று அவர் கேட்க, அதுவும் நிறைவேறிற்று.

பின்னர் நடந்தவை

1970-இல் தொடங்கி மூன்று கட்டங்களாக 1996 வரை நடந்த 'ஆபரேஷன் ஃப்ளட்' திட்டம் ஐரோப்பிய நாடுகளில் மிகுந்திருந்த பால் பொடியையும் வெண்ணெய் எண்ணெயையும் நன்கொடையாகப் பெற்று, அவற்றை இங்கே விற்று வந்த பணத்தைக் கொண்டு சங்கங்களை வளர்த்தது. முதற் கட்டத்தில் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்கள் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டிலும் ஆனந்த் முறையைத் தழுவிக் கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற அமைப்பு உருவாயிற்று. ஆவின் என்று நாம் வழங்கும் இணையம் 1981 பிப்ரவரி முதல் தேதி பதிவாயிற்று.

1950-51-இல் இந்தியாவின் பால் உற்பத்தி 1 கோடியே 70 லட்சம் டன். 1998-ஆம் ஆண்டளவில் இந்தியா அமெரிக்காவை மிஞ்சி உலகில் முதலிடம் பெற்றது. 2022-23-இல் உற்பத்தி 23 கோடி டன்னைக் கடந்தது. இவ்வளவும் கூட்டுறவினாலேயே வந்தது என்று கூறுவது மிகையாகும். இன்றும் பாலின் பெரும்பகுதி வீட்டிலேயே செலவாகிறது. அல்லது சங்கத்துக்கு வெளியே விற்கப்படுகிறது. வெளிநாட்டு நன்கொடையைச் சார்ந்து நின்றதையும், வசதியான பகுதிகளுக்கே மிகுந்த பயன் சேர்ந்ததையும் குறித்து அத்திட்டத்தைக் கடுமையாகக் குறைகூறியவர்களும் இருந்தனர். ஆயினும், சங்கம் என்ற ஒன்று ஊரில் இருப்பதால், வெளியே வாங்குபவரும் விலையைக் கண்டபடி குறைக்க முடிவதில்லை என்பது பால்மாடு வைத்திருப்போர் யாவரும் அறிந்ததே.

1976-இல் ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' என்னும் திரைப்படம் இவ்வியக்கத்தைக் கதையாகச் சொன்னது. குஜராத் உழவர் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் தந்து அதனைத் தயாரித்தனர். படம் வெளியானபோது, தம் பணத்தில் எடுத்த படத்தைப் பார்க்க அவர்கள் கூட்டம் கூட்டமாகச் சென்றனர். சிறு தொகைகள் சேர்ந்தால் என்ன செய்யக்கூடும் என்பதற்கு இதனினும் எளிய உதாரணம் தேவையில்லை.

படித்த இளைஞர்கள் கம்பெனிகளுக்கே செல்கின்றனர், உழவர் சங்கங்களுக்கு வருவதில்லை என்ற குறையைக் குரியன் நெடுநாள் உணர்ந்திருந்தார். அதனைப் போக்க 1979-இல் ஆனந்தில் கிராமிய நிர்வாகக் கல்வி நிலையம் ஒன்றை நிறுவினார். விரும்பாமல் கிராமத்துக்கு வந்து, பின் விரும்பித் தங்கியவர், விரும்பியே வருவோரை உருவாக்க முயன்றார் எனலாம். அந்நிலையத்தில் தேறியவர்களிலும் பலர் தனியார் நிறுவனங்களுக்குச் சென்றனர் என்பது உண்மை. கல்வி நிலையம் மட்டும் இருந்தால் போதாது. படித்தவரை மதித்து ஏற்கும் சங்கங்களும் வேண்டும். 2025-ஆம் ஆண்டில் பார்லிமெண்டுச் சட்டத்தின்படி அந்நிலையம் திரிபுவன்தாஸ் பட்டேலின் பெயர் தாங்கிய கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக உருப்பெற்றது.

பெரியவர்களின் வாழ்க்கையிலும் கசப்பான பக்கங்கள் உண்டு. குரியன் 1998-இல் வாரியத் தலைமையிலிருந்து விலகினார். சரக்கு விற்பனையை யார் நடத்துவது என்பது பற்றித் தம்மோடு உழைத்தவர்களுடனேயே அவருக்குக் கருத்து வேற்றுமை முற்றியது. யூனியன் தலைவர்களின் ஆதரவை இழந்த நிலையில் 2006-இல் குஜராத் சம்மேளனத்தின் தலைமையையும் விட்டார். 2012 செப்டம்பர் 9-ஆம் தேதி, தொண்ணூறாம் வயதில், காலமானார். சங்கம் அங்கத்தினருடையது என்ற கொள்கையை ஊன்றியவரே, அக்கொள்கையின்படி ஒருநாள் இடம்விட்டு நீங்க நேர்ந்தது. இதில் யார்மீது குற்றம் என்று ஆராய்வது நம் நோக்கமன்று. எத்துணைத் திறமையாளரும் சங்கத்துக்கு இன்றியமையாதவர் ஆகிவிடாதபடி, அடுத்த தலைமுறையை உரிய காலத்தில் பொறுப்பேற்கச் செய்ய வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

நெசவாளர் கூட்டுறவுக்கு நம் நாட்டில் நீண்ட மரபு உண்டு. கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தோன்றியது. அமுலைவிடப் பத்தாண்டுக்கு மேல் மூத்தது. சேலத்தில் 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கல்வி நிலையம் நடந்துவருகிறது. கோயம்புத்தூரில் 1906 முதல் வேளாண்மைக் கல்லூரி உண்டு. அது 1971-இல் பல்கலைக்கழகமாயிற்று. கல்வி நிலையங்களுக்குக் குறைவில்லை. அங்கே நம் பிள்ளைகள் படிக்காமலும் இல்லை. ஆயினும், அப்படிப்புக்கும் நம் சங்கத்தின் நாட்புத்தகத்துக்கும் இடையே பாதை போடப்படவில்லை.

சங்கத்தில் நூல் வாங்கித் துணி கொடுத்துக் கூலி பெறும் நெசவாளர், சட்டப்படி சங்கத்தின் சொந்தக்காரர். ஆனால் அவர் மனத்தில், முன்பு தறி முதலாளியிடம் கூலி வாங்கியதுபோல இப்போது சங்கத்திடம் வாங்குகிறோம் என்ற எண்ணமே பெரும்பாலும் நிற்கிறது. ஆனந்தில் பால் ஊற்றும் ஏழைப் பெண் தன் கண்முன் சோதனையைக் காண்பதுபோல, நம் அங்கத்தினர் தம் துணி என்ன விலைக்கு, எங்கே, எப்போது விற்றது என்பதைக் காண வழி செய்ய வேண்டும். இருப்பில் தேங்கிய சரக்கின் அளவு மாதந்தோறும் சங்கப் பலகையில் எழுதப்படட்டும். விளைபொருள் விற்பனைச் சங்கங்களும் அவ்வாறே அன்றாட விலையையும் பிடித்தங்களையும் எழுதிவைக்கட்டும்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும், அங்கத்தினர் வீடுகளில் கல்லூரியில் பயில்வோர் யார் யார், என்ன படிக்கின்றனர் என்று ஒரு பட்டியல் எடுப்பது நன்று. விடுமுறைக் காலத்தில் அவர்களுக்குச் சங்கத்தில் சிறு வேலையேனும் கொடுத்துக் கைப்பழக்கம் ஏற்படுத்தலாம். கணக்குப் படிப்பவர் தணிக்கைக்குக் கணக்கைத் தயார் செய்யட்டும். ரசாயனம் படிப்பவர் சாயப்பட்டறையில் நின்று பார்க்கட்டும். கம்ப்யூட்டர் அறிந்தவர் வெளியூர் விற்பனைக்கு வழி தேடட்டும். அவர்களுள் ஓரிருவர் மனம்பற்றித் தங்கினாலும் சங்கத்துக்கு அது பேருதவி.

தங்க விரும்புவோர்க்குத் தகுந்த சம்பளம் கொடுக்கச் சங்கம் தயங்கலாகாது. சேவை என்ற பெயரில் அரைச் சம்பளம் கொடுத்து முழு வேலை வாங்க நினைப்பது நியாயமுமன்று, நெடுநாள் நடப்பதுமன்று. சம்பளத்தோடு, அவர்தம் தொழில் எல்லைக்குள் பிறர் தலையிடாத சுதந்திரமும் தேவை. தலைவரின் உறவினர் என்பதற்காக ஒருவரை வேலையில் அமர்த்துவதும், நிர்வாகக் குழுவில் தமக்கு வேண்டாதவர் மகன் என்பதற்காகத் தகுதியுள்ளவரைத் தள்ளுவதும் சங்கத்தின் வேரை அறுப்பனவாகும். உறவின் நிழலில் உயர மறுத்தே குரியன் டாட்டாவைவிட்டு நீங்கினார் என்பதை இங்கே நினைவிற்கொள்க.

படித்த இளைஞர்களுக்கும் ஒரு சொல். ஊரில் உங்களுக்குத் தொடக்கத்தில் வசதிக் குறைவே மிஞ்சும். உங்கள் படிப்பின் அருமையை முதல் நாளே யாரும் அறிந்துகொள்ளமாட்டார்கள். பழுதான ஓர் இயந்திரத்தைச் சரிசெய்து கொடுத்த பிறகுதான் கிண்டிப் பட்டதாரியின் சொல்லுக்கு ஆனந்தில் மதிப்பு ஏற்பட்டது. அதுபோல, சங்கத்தின் ஒரு சிறு தொல்லையையேனும் தீர்த்துக் காட்டுங்கள். பிறகு பெரியவர்களே உங்களை நாடிவந்து ஆலோசனை கேட்பார்கள்.

இவ்வாண்டுப் பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் மேற்கூறிய பட்டியலை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு சங்கத் தலைவர்களையும் காரியதரிசிகளையும் கேட்டுக்கொள்கின்றோம். பட்டியல் தயாரித்த சங்கங்கள், அதனால் விளைந்த பயனையும் நேர்ந்த இடையூறுகளையும் நமக்கு எழுதியனுப்பினால், பிற சங்கத்தாரும் அறியுமாறு இப்பத்திரிகையில் வெளியிடக் காத்திருக்கின்றோம்.